பதுளைக்கு ஒரு பதில்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பதவி உயர்வுக்கு முதலில் வாழ்த்து! பதுளைப் பக்கம் கச்சான் காற்று ஆளைக் காயவைக்கிறது என்று எழுதியிருந்தாய். ஹட்டனில் அப்படியே தலைகீழ். வெயிலைக் கண்டு எவ்வளவோ நாளாச்சு. உடுப்புக் காயவில்லை, தேயிலைக் கொழுந்தும் தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் ஃபெக்டரிக்கு வருகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். மூத்தவள் சாதாரண தரத்துக்குப் படிக்கிறாள், அதாவது போனைப் பார்த்தபடி படிக்கிறாள்.

கூட்டத்தில் வாயே திறக்க வரவில்லை, ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் சேரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். சேர், நல்லதுதான். ஆனால் பிரதேச செயலகத்தில் இருக்கும் உனக்குச் சிங்களம் அதைவிட அவசரம். 2007 ஜூலைக்குப் பிறகு அரசாங்க வேலைக்கு வந்தவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கைக்காக நீ பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டாய், சரி. பக்கத்து மேசைக்காரரோடு ஒருநாளாவது சிங்களத்தில் ஊர்க்கதை பேசியிருக்கிறாயா? பிளேன்டீ குடிக்கும் நேரத்தில் தப்புத் தப்பாகப் பேசிப் பழகினால்தான் கூட்டத்தில் நாக்கு புரளும்.

பேச்சு எப்படியும் வந்துவிடும் மச்சான். எனக்குக் கவலையெல்லாம் காதைப் பற்றித்தான். எங்கள் தோட்ட ஒபிஸில் புதிதாக வந்த ஒரு தம்பி இருக்கிறான். மூன்று பாஷையும் தண்ணீர்பட்ட பாடு. பென்ஷனுக்குப் போன ஓர் அம்மா, சேமலாப நிதிக் காசு இன்னும் வரவில்லை என்று அவனிடம் வந்தார். தெரியும்தானே, சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம் கட்டி, பெண்களுக்கு 50 வயதில் கைக்கு வர வேண்டிய காசு. தம்பி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, “பாரம் எல்லாம் அனுப்பியாச்சு, வரும்” என்றான். அவரும் “சரிங்கய்யா” என்று போய்விட்டார். திரும்ப வந்தார், அதே பதில். அடுத்த முறை நான் உட்காரவைத்து, நீங்களே சொல்லுங்கம்மா என்றேன். மகள் கல்யாணம், முழங்கால் வலி, கொழும்பில் வேலை செய்யும் பேரன் என்று சுற்றிக்கொண்டே போனது கதை. எனக்கும் உள்ளே வேலை கிடந்தது, பொறுத்துக்கொண்டேன். நடுவில், “செக்ரோலில வீட்டுப் பேருங்க, ஐடென்டி கார்ட்ல பொறந்த பேருங்க, அன்னைக்கே தம்பிகிட்ட சொன்னேனுங்களே” என்றார். அவ்வளவுதான் விஷயம்! செக்ரோல் என்ற தோட்டப் பேர்ப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தம்பியின் மூன்று பாஷையிலும் இது ஏறவில்லை.

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டிலும் இதே கூத்துத்தான். மழைச் சத்தத்தில், மலை வேலையைப் பார்க்கும் கண்டக்டர் கத்துவார், “எல்லாருக்கும் விளங்கிச்சா?” ஒரே குரலில் “விளங்கிச்சுங்க” என்று பதில் வரும். ஐயாமார் முன்னால் விளங்கவில்லை என்று யார் சொல்வார்கள்? பாதிப் பேர் பழைய மலைக்கே போய் நிற்பார்கள். இப்போது வந்திருக்கும் கண்டக்டர் கெட்டிக்காரர். பின்வரிசையில் யாராவது ஒருவரைப் பார்த்து, “அக்கா, இன்னைக்கு எந்த மலை, எத்தனை மணிக்கு நிறுவை, சொல்லுங்க பார்ப்போம்” என்பார். அந்த அக்கா சொல்வதில் குழம்பினால் மறுபடி சொல்கிறார். குழப்பம் தன் பேச்சில்தான் என்று எடுத்துக்கொள்வாரே தவிர அந்த அக்காவை வைய மாட்டார். நீயும் கூட்டம் முடிகிற நேரத்தில் “ஆக, நான் வெள்ளிக்கிழமைக்குள் இதைச் செய்ய வேண்டும், அப்படித்தானே சேர்?” என்று ஒரு தரம் கேட்டுப் பார். முதல் பேச்சு இவ்வளவு போதும், பிறகு நீளமாகப் பேசத் தானாகத் துணிவு வரும். போனில் எண் சொன்னாலும் திருப்பிச் சொல்லு; ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று கேட்காமல் விட்டதால் உர மூடை கூடக்குறைய வந்த கதை எந்தத் தோட்டத்திலும் உண்டு.

அப்புறம், தோட்டத்து ஆட்களுக்கு அனுப்பவென்று எழுதி என்னைப் பார்க்கச் சொன்ன உன் கடித நகல். கோவிக்காதே, “மேற்படி விடயம் தொடர்பில் தங்களது மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுவது யாதெனில்” என்று தொடங்கி, என்ன வேண்டும் என்பதை நான்காவது பந்தியில் ஒளித்துவைத்திருக்கிறாய். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வரும் கடிதத்தை அங்கே படிக்கப்போவது பெரும்பாலும் ஸ்கூல் போகும் பிள்ளைதான். யார், எந்தத் திகதி, என்ன கொண்டுவர வேண்டும், இது முதல் இரண்டு வரியிலேயே இருக்கட்டும். மரியாதையை முடிவில் ஒரு வரியில் காட்டினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அனுப்புவதற்கு முன் உன் வீட்டுக்காரியிடம் சத்தமாக வாசித்துக் காட்டு. அவ எங்கே “என்ன?” என்கிறாவோ, அந்த வசனத்தை வெட்டு.

திருத்திய நகலை வாட்ஸ்அப்பில் போடு, பார்த்துச் சொல்கிறேன். தீபாவளிக்கு இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் ரயிலில் இடம் இப்போதே பிடித்து வை.

அன்புடன்,
உன் பழைய ஸ்கூல் வாங்குக்காரன்