நிஷி-கமாகுராவில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜப்பானின் கமாகுரா நகரம் பற்றி உங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். பெரிய புத்தர், எனோடென் ரயில், எனோஷிமா தீவு என்று எல்லாவற்றையும் ரசித்து எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் ஒற்றை உத்தரத்தில் தொங்கியபடி ஓடும் ஷோனான் மோனோரயிலை மட்டும் சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கை வண்டி என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அந்தப் பக்கம் அடிக்கடி போய்வருகிறவன் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அங்கே குடியிருப்பவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போவது அதில்தான்.

ஓஃபுனாவிலிருந்து ஷோனான்-எனோஷிமா வரை 6.6 கிலோமீட்டர், 8 நிலையங்கள், கால் மணி நேரத்துக்குள் பயணம் முடிந்துவிடும். நடுவில் வருகிற நிஷி-கமாகுரா நிலையத்தைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன். கமாகுராவின் புகழ்பெற்ற கோயில்கள் இருப்பது வேறு பக்கம். இங்கே சுற்றிலும் மேடும் பள்ளமுமாக வீடுகள். 1970 மார்ச்சில் பாதை திறந்தபோது ரயில் இந்த நிலையத்தோடு நின்றுவிட்டது. கடற்கரைப் பக்கம் வரை நீண்டது 1971 ஜூலையில்தான்.

இப்படிப்பட்ட மலைப்பாங்கான இடத்தில் தரையில் தண்டவாளம் போடுவதென்றால் எத்தனை மேட்டை வெட்ட வேண்டும், எத்தனை வீட்டை இடிக்க வேண்டும்! அதற்குப் பதிலாக, ஏற்கனவே இருந்த சாலையை ஒட்டித் தூண்களை நட்டு, மேலே உத்தரம் போட்டு, பெட்டிகளை அதில் தொங்கவிட்டார்கள். உத்தரம் உள்ளே கூடாக இருக்கும்; ரப்பர் டயர்கள் அதற்குள் ஓடுகின்றன. மழையும் பனியும் டயர் ஓடும் இடத்தை நனைப்பதில்லை. ஆயிரம் மீட்டருக்கு 74 மீட்டர் உயரும் ஏற்றம்கூட இந்தப் பாதையில் உண்டு. சாதாரண ரயிலுக்கு அது பெரும் சிரமம். இதுவோ குன்றைக் குடைந்த சுரங்கத்துக்குள்ளும் புகுந்து, மணிக்கு 75 கிலோமீட்டர் வேகம் வரை போகிறது.

அப்புறம், இது ஒற்றைப் பாதை. எதிரெதிராக வரும் ரயில்கள் நிஷி-கமாகுரா போன்ற நிலையங்களில்தான் கிராசிங் செய்ய முடியும். அப்படியும் பகலில் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் வருகிறது. நம் ஊரில் கிராசிங்குக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2008 பிப்ரவரியில் ஒரு ரயில் இதே நிலையத்தில் நிற்காமல் தாண்டிப் போய்விட்டது. நல்லவேளையாக மோதல் நடக்கவில்லை.

மிட்சுபிஷி குழும நிறுவனங்கள் முன்னின்று கட்டிய பாதை இது. 2015-இல் பேருந்து நிறுவனங்களை நடத்தும் மிச்சினோரி குழுமத்தின் கைக்கு மாறியது. 2018-இல் ஐசி அட்டை (தொட்டுக் கட்டணம் செலுத்தும் அட்டை) வசதி வந்தது. கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் நடைமேடை இருக்கும் எனோஷிமா முனையத்துக்கு மின்தூக்கியும் அப்போதுதான் வந்தது. முதியவர்கள் நிறைந்த ஊரில் இவ்வளவு காலம் அது இல்லாமல் இருந்ததே தவறு என்பேன்.

அடுத்த முறை ஜப்பான் பற்றி எழுதும்போது இந்தப் பாதைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எனோஷிமா போகும் வாசகர்கள் ஒரு வழிக்காவது மோனோரயிலில் ஏறட்டும். வார நாள் காலையில் நிஷி-கமாகுராவில் இறங்கி, யாரெல்லாம் ஏறுகிறார்கள் என்று பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
யோகோஹாமா