லுசாகா நிறுவனத்தின் பழைய பெயர்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் யாழினிக்கு,

உன்னை இணைப்பு ஆய்வாளராக ஏற்றுக்கொண்ட லுசாகா நிறுவனத்தின் பழைய பெயரைச் சொல்லும்போது உன் வழிகாட்டி சற்றுக் கூச்சப்பட்டார் என்று எழுதியிருந்தாய். காலனி அரசின் பணத்தில் எழுதப்பட்டவற்றை நான் எதற்காகப் படிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். நாற்பதாண்டுக் காலம் மானிடவியல் கற்பித்தவளிடம் இதைக் கேட்டால் பதில் நீளத்தான் செய்யும், பொறுத்துக்கொள்.

இன்று ஜாம்பியப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார, சமூக ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, வடக்கு ரொடீசியாவின் (இன்றைய ஜாம்பியாவின்) லிவிங்ஸ்டன் நகரில் ரோட்ஸ்–லிவிங்ஸ்டன் நிறுவனம் என்ற பெயரில் 1937-இல் தொடங்கப்பட்டது. நாட்டைக் கம்பெனிச் சொத்தாக்கிய செசில் ரோட்ஸின் பெயரும், மதம் பரப்ப வந்து அந்த மண்ணிலேயே உயிர்விட்ட டேவிட் லிவிங்ஸ்டனின் பெயரும் ஒரே பலகையில் இடம்பெற்றன. ஆப்பிரிக்காவின் பிரிட்டிஷ் காலனிகளில் இத்தகைய மானிடவியல் ஆய்வு நிறுவனம் அதுவே முதல். ஆளுநர் ஹ்யூபர்ட் யங் முன்னின்று நிறுவினார். அரசும் செம்புச் சுரங்கக் கம்பெனிகளும் நிதி தந்தன. 1935-இல் செம்புச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது லுவான்ஷ்யாவில் தொழிலாளர் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்ததை மறந்துவிடாதே. கிராமத்திலிருந்து வந்து சுரங்க வாசலில் நிற்கும் இந்த மனிதன் யார் என்று தெரிந்துகொள்ளும் தேவை அரசுக்கு அப்போது இருந்தது.

கேள்வி அரசுடையது என்பது உண்மைதான். ஆனால் பதில் அரசு விரும்பியதாக அமையவில்லை என்பதற்கு முதல் இயக்குநர் காட்ஃப்ரே வில்சனே சாட்சி. அவர் ப்ரோக்கன் ஹில் சுரங்க நகரத்துக்குச் சென்று (இன்று அதன் பெயர் காப்வே), ஆப்பிரிக்கத் தொழிலாளரின் கூலி, உணவு, உடை, குடும்பம் எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். ஆண்கள் நகரத்துக்கும் ஊருக்கும் இடையே அலைவதற்குக் காரணம் ஆப்பிரிக்கரின் இயல்பன்று, உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு குடும்பத்தைக் கிராமத்தின் தலையில் கட்டிய பொருளாதார அமைப்பே என்பது அவர் வாதத்தின் சாரம். மலிவான தற்காலிகக் கூலிகளை நம்பியிருந்த கம்பெனிகளுக்கு இது இனிக்கவா செய்யும்? அவர் போரை எதிர்ப்பவராகவும், தொழிலாளரோடு சரிசமமாகப் பழகுபவராகவும் இருந்தது வேறு. 1940-இல், என்கானா சுரங்கத்தில் மீண்டும் துப்பாக்கிச் சூடு நடந்து பதினேழு பேர் இறந்த அதே ஆண்டில், சுரங்கக் குடியிருப்பில் ஆய்வைத் தொடர அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மறு ஆண்டு பதவி விலகினார். 1944-இல் இறந்தும் போனார்.

அவருக்குப் பின் வந்தவர் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த மாக்ஸ் க்ளக்மன். மேற்கே லோஸி மக்களின் நீதிமன்றங்களில் உட்கார்ந்து வழக்குகளைக் கேட்டு, அங்குள்ள நீதிபதிகளும் எந்த நாட்டு நீதிபதியையும் போலவே தர்க்கத்தோடுதான் தீர்ப்பு வழங்குகிறார்கள் என்று நிறுவியவர். நிறுவனத்துக்கு ஏழாண்டு ஆய்வுத் திட்டம் வகுத்து, எலிசபெத் கோல்சன், கிளைட் மிட்செல், ஜான் பார்ன்ஸ் போன்றவர்களைச் சேர்த்து, ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மக்களிடம் அனுப்பினார். பிறகு அவர் மான்செஸ்டரில் பேராசிரியரானதும், இங்கே சேர்ந்த களக்குறிப்புகள் அங்கே நூல்களாயின. புகழ் மான்செஸ்டருக்குப் போயிற்று. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

நீ அவசியம் படிக்க வேண்டியது மிட்செல் 1956-இல் வெளியிட்ட கலேலா நடனம் பற்றிய சிறு நூல். லுவான்ஷ்யாவின் சுரங்கக் குடியிருப்பில் விடுமுறை நாள்களில் பிசா இளைஞர்கள் ஆடும் ஆட்டம் அது. எல்லோரும் மடிப்புக் கலையாத கால்சட்டையும் பளபளக்கும் காலணியும் அணிந்திருப்பார்கள். வெள்ளை அங்கியில் செஞ்சிலுவை தைத்துக்கொண்டு ஒருவர் ‘டாக்டர்’ ஆவார். வெள்ளை உடுத்திய ‘நர்ஸ்’ ஒருத்தி கண்ணாடியும் கைக்குட்டையும் ஏந்தி ஆட்டக்காரர் ஒவ்வொருவரிடமும் போவாள். அவர்கள் முகம் துடைத்துக்கொண்டு மீண்டும் ஆடுவார்கள். பாட்டோ தம் ஊரைப் புகழும், பிற இனத்தாரைக் கேலி செய்யும். ஆட்டத்தில் பழங்குடிச் சடங்கின் சாயல் இல்லை, பாட்டில் மட்டும் இனப்பெருமை ஓங்குவானேன்? நகரத்தில் இனம் என்பது கிராமத்து அரசியல் அமைப்பின் தொடர்ச்சியன்று. முன்பின் அறியாத ஆயிரம் பேரிடையே யாரிடம் எப்படிப் பழகுவது என்று முடிவு செய்ய உதவும் அடையாளம் என்கிறார் மிட்செல். சுரங்கத்தில் கூலி கேட்கும்போது அந்த அடையாளம் பின்னுக்குப் போய்விடும். தொழிற்சங்கம் வலுப்பெற்றதும், நிர்வாகம் ஏற்படுத்தியிருந்த இனப் பிரதிநிதிகளைத் தொழிலாளர்களே வேண்டாம் என்று தள்ளியதை அதே நிறுவனத்தின் ஆய்வாளர் எப்ஸ்டைன் எழுதியிருக்கிறார்.

இந்தத் தகவல்களில் பெரும்பகுதியை வீடு வீடாகச் சென்று திரட்டியவர்கள் ஆப்பிரிக்க ஆராய்ச்சி உதவியாளர்கள். ங்கோனி இனத்தவரான எம். பி. லுகேரோ அவர்களில் ஒருவர். வெள்ளைக்கார ஆய்வாளர் தொழிலாளர் குடியிருப்புக்குள் போனால் நிர்வாகம் முகம் சுளிக்கும், மக்களோ ஐயப்படுவார்கள். 1953-இல் வெள்ளையர் கை ஓங்கிய ரொடீசியா–நியாசாலாந்துக் கூட்டமைப்பு திணிக்கப்பட்ட பிறகு, கணக்கெடுப்பு என்றாலே நிலம் பறிபோகும் என்ற அச்சம் பரவியிருந்தது. அந்த அச்சத்தைத் தாண்டிக் கதவைத் திறக்கவைத்தவர்கள் இவர்கள். நூல்களின் அட்டையில் இடம்பெற்றதோ வேறு பெயர்கள். நீயும் உன் ஆய்வுக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்குமுன் இதை யோசித்து வை.

ஜாம்பேசி ஆற்றில் கட்டிய கரிபா அணை விஷயத்தில் நிறுவனத்தின் இரு முகங்களும் ஒருசேரத் தெரிகின்றன. அணையால் சுமார் 57,000 க்வெம்பே டோங்கா மக்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1956-இல், கோல்சனும் இன்னொரு மானிடவியலாளரான தேயர் ஸ்கடரும் அவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்குக்குப் போய்க் குடும்பங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். இடம்பெயர்வை அவர்களால் தடுக்க முடியவில்லை. 1958-இல் வெளியேற மறுத்த சீஃப் சிபெபோவின் மக்கள் எட்டுப் பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஆனாலும் வெளியேற்றப்பட்டவர்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்பதை அந்த இருவரும் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். கோல்சன் முதுமையிலும் அந்நாட்டிலேயே தங்கி, 2016-இல், 99 வயதில், மோன்சேயில் இறந்தார்.

ஆகவே, கண்ணு, படி. எந்த நூலை எடுத்தாலும் நிதி யாருடையது, அனுமதி கொடுத்தவர் யார் என்று முதலில் பார்த்துக்கொள். வில்சனின் ப்ரோக்கன் ஹில் கட்டுரை இரண்டு பகுதிகளாக இருக்கும்; அதிலிருந்து தொடங்கு, பிறகு கலேலா. தென்னாப்பிரிக்கச் சமூகவியலாளர் பெர்னார்ட் மகுபானே 1971-இல் எழுதிய விமர்சனத்தை மூன்றாவதாக வைத்துக்கொள். ஆப்பிரிக்கர் ஐரோப்பியக் கோட்டு அணிந்ததை அந்தஸ்து ஆசையாக அளந்தவர்கள், அந்தக் கோட்டை அணிய வைத்த ஆதிக்கத்தை ஏன் அளக்கவில்லை என்று மிட்செலையும் எப்ஸ்டைனையும் அவர் உலுக்கி எடுக்கிறார். எனக்கு அவர் வாதத்தில் முக்கால் பங்கு சம்மதம். ஆனால் அதை முதலில் படித்தால் மற்ற இரண்டையும் திறந்து பார்க்க உனக்கு மனம் வராது. படித்து முடித்ததும், மீதிக் கால் பங்கு எது என்று உனக்குத் தோன்றுகிறதோ அதை எழுது.

அன்புடன்,
அம்மா