நாகையிலிருந்து, மழைக்கு முன்னால்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. வேளாங்கண்ணித் திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன், அது முடிந்த கையோடு மழைக்கால வேலை பிடித்துக்கொண்டது. பாப்பா நர்சிங் சேர்ந்திருக்கிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் அம்மாவைப் போன வாரம் பார்த்தேன். முட்டிவலியைத் தவிர வேறு குறை இல்லை, உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

புயல் வருவதற்கு முன்னால் சுகாதாரத் துறைக்கு அப்படி என்ன வேலை, டிவியில் படகும் மீட்புப் படையும்தானே தெரிகிறது என்று கேட்டிருந்தாய். நீ கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் வேலை கர்ப்பிணிகள் பட்டியல். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் யார் யாருக்குப் பிரசவத் தேதி வருகிறது, வீடு எந்தத் தெரு, அங்கே தண்ணீர் தேங்குமா, வண்டி போகுமா, ரத்தம் குறைவாக இருக்கிறதா, முதல் பிரசவம் ஆபரேஷனா என்று கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போய் எழுதி வைத்திருப்பார். புயல் எச்சரிக்கை வந்ததும் தேதி நெருங்கியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ முன்கூட்டியே கூட்டிப்போய்விடுவோம். சிலர் வர மாட்டார்கள், மாமியார் விடமாட்டார், மாட்டை யார் பார்ப்பது என்பார்கள். அங்கே உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது ரோடெல்லாம் மரம், 108 வண்டி எப்படி உள்ளே போகும்? முன்னாலேயே கூட்டி வந்ததால்தான் பல தாய்மார்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றார்கள்.

கஜா எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது நிறைய. வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, டேங்கில் தண்ணீர் ஏறாது. குழாய் காலியாக இருக்கும்போது எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும், திரும்பவும் தண்ணீர் விடும்போது அதுவும் சேர்ந்து வரும். தடுப்பூசி வைத்திருக்கும் பெட்டியும் அப்படித்தான், 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் குளிர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து வீண். அதனால் இப்போதெல்லாம் மழைக்கு முன்னாலேயே யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, டீசல் எங்கே கிடைக்கும், தடுப்பூசியை எந்த ஊருக்கு மாற்றுவது என்று எழுதி வைத்துக்கொள்கிறோம். கல்யாண மண்டபத்துக்காரர், பந்தல் போடுகிறவர், ஐஸ் கம்பெனிக்காரர் எல்லோருடைய நம்பரும் அதில் இருக்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது குடிதண்ணீரில் கிருமியைக் கொல்லப் போடும் பிளீச்சிங் பவுடரைப் பற்றித்தான். புதுசாக இருக்கும்போது அதில் 33 சதவீதம் போல குளோரின் இருக்கும். நம் கடலோரக் காற்றில் மூட்டையைத் திறந்து வைத்தால் ஈரம் குடித்துக் கட்டி கட்டியாகப் போய்விடும், வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். அதையே டேங்கில் கொட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால் ஊருக்கே ஆபத்து. முறைப்படி வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் டேங்கில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் விட வேண்டும். அப்புறம் டேங்குக்குப் பக்கத்துக் குழாயை விட்டுவிட்டு ஊரின் கடைசித் தெருவில், கடைசிக் குழாயில் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீரில் எவ்வளவு குளோரின் மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் குளோரோஸ்கோப் குப்பியில் மருந்து விட்டதும் மஞ்சள் நிறம் வரும், அதைப் பக்கத்தில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிடுவோம். சாதாரண நாளில் 0.2 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தால் போதும், வெள்ளம், வயிற்றுப்போக்கு என்றால் 0.5 வரை கொண்டுபோவோம். நிறமே வரவில்லையென்றால் டேங்க் ஆபரேட்டரைத் திட்டுவதற்கு முன்னால் நடுவில் எங்கே உடைந்திருக்கிறது என்று தெருத் தெருவாகத் தேட வேண்டும்.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா வந்து பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடங்களைக்கூட மூடினார்கள். நாகூரைத் தாண்டினால் காரைக்கால் எல்லை. நிர்வாகம் புதுச்சேரியுடையது, ஆனால் வேலைக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜனங்கள் தினமும் இப்படியும் அப்படியும் போய்வருகிறார்கள். அந்த மாதிரி நேரத்தில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு, எந்தத் தெரு, எந்தக் குழாய்த் தண்ணீர் குடித்தார்கள் என்ற தகவல் ஒரு நாள் முன்னால் வந்தாலும் எவ்வளவோ பேரைக் காப்பாற்றலாம். செவிலியர் எழுதுவது, டாக்டர் எழுதுவது, லேப் எழுதுவது என்று மூன்று வழியிலும் தகவல் ஏறுகிறது, இப்போது எல்லாம் ஆன்லைனில். அதில் நான் கறாராக இருப்பது ஒரே விஷயத்தில்தான். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை என்றால் பூஜ்யம் என்று போடு, காலியாக விடாதே. பூஜ்யம் என்றால் ஒரு ஆள் போய்ப் பார்த்திருக்கிறார், காலியாக இருந்தால் யாருமே போகவில்லை என்று எடுத்துக்கொண்டு உடனே போன் போட்டுவிடுவேன்.

ஒத்திகை நடத்துவீர்களா என்றும் கேட்டிருந்தாய். நடக்கும். ஆனால் என்னைக் கேட்டால் எங்களுக்கு நிஜமான ஒத்திகை வேளாங்கண்ணிதான். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை லட்சக்கணக்கில் ஜனம், நிறையப் பேர் நடந்தே வருகிறவர்கள். லாட்ஜ் தொட்டி, ஓட்டல் தண்ணீர், தற்காலிகக் கழிப்பறை, குப்பை, ஈ, காய்ச்சல் முகாம், வெளி மாவட்டத்திலிருந்து வருகிற ஆட்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு என்று ஒன்று விடாமல் பார்க்க வேண்டும். வெள்ள முகாமிலும் இதே வேலைதானே? 1939ல் வந்த நம் பொது சுகாதாரச் சட்டத்திலேயே திருவிழாக்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஆஸ்பத்திரி வேலை வேறு, ஊர்ச் சுகாதாரம் வேறு என்று நம் மாநிலத்தில் தனித்துறையாகவே வைத்திருப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரே துறையாக இருந்தால் வாசலில் நிற்கிற நோயாளியைத்தான் முதலில் பார்ப்பார்கள், யாருக்கும் எதுவும் ஆகாத ஊரில் போய்க் குழாயைத் திறந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்?

சுனாமியில் நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அதற்கப்புறம் முகாம்களில் அவ்வளவு நெரிசல் இருந்தும் பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. கடலூர் பக்கம் தட்டம்மை கொஞ்சம் தலைகாட்டியது. மற்ற மாவட்டங்களிலிருந்து வந்த சுகாதார ஆட்கள் பிணவாடையிலும் சேற்றிலும் நின்று பிளீச்சிங் பவுடர் தூவியதையும் தண்ணீர் லாரிகளில் குளோரின் பார்த்ததையும் நான் மறக்கவே மாட்டேன்.

மழை விட்டால் எல்லாம் முடிந்தது என்று ஊர் நினைக்கும், எங்களுக்கு அப்புறம்தான் ஆரம்பம். டெங்கு கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏழு முதல் பத்து நாள், அதற்குள் தேங்காய்த் தொட்டி, டயர், தார்ப்பாய் மடிப்பு எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்தாக வேண்டும். எலிக்காய்ச்சல் வேறு. பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருக்கிறது என்று நாளைக்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, உனக்கு ஒரு வேலை. அம்மாவுடைய பிரஷர், சுகர் மாத்திரையை இந்த முறை கூடுதலாகவே வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன், செவிலியரிடமும் பேசிவிட்டேன். எச்சரிக்கை வந்தால் அவர்களைப் பள்ளிக்கூட முகாமுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. ஆனால் நான் கூப்பிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு வர மாட்டேன் என்பார்கள். நீ இப்போதே போனில் சொல்லி வை.

அன்புடன்,
உன் மாப்ள