கூட்டம் போட்டவர்களுக்கு ஒரு நன்றி

அன்புடையீர்,

இலங்கையின் வடக்கே முகமாலையில் எங்கள் காணியில் புதைந்திருந்த மிதிவெடிகளை முழங்காலில் இருந்தபடி அங்குலம் அங்குலமாகத் தேடி எடுத்துத் தந்த அக்காமாருக்கும் தம்பிமாருக்கும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். கடைசி நாள் அம்மா எல்லாருக்கும் பனங்கட்டியோடு பிளேன்டீ கொடுத்தா. அந்த வெயிலிலும் கவச அங்கியைக் கழற்றாமல், முகக் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டுக் குடித்தார்கள். இந்த மடல் அவர்களுக்கு அல்ல. 1992 ஒக்டோபரில் நியூயோர்க்கில் கூடி, கண்ணிவெடித் தடைக்கான சர்வதேச இயக்கத்தைத் தொடங்கிய ஆறு அமைப்புகளுக்கும், பிறகு அதில் வந்து சேர்ந்த நூற்றுக்கணக்கான அமைப்புகளுக்கும்தான்.

உண்மையைச் சொன்னால், உங்களைப் போன்றவர்களை நக்கலடித்தவன் நான். 'கூட்டம் வைப்பினம், படம் எடுப்பினம், போவினம்' என்பது எங்கள் ஊரில் தொண்டு நிறுவனங்களைப் பற்றிய பேச்சு. சில நேரம் அது பொய்யும் இல்லை.

2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு முன்னரங்கு எங்கள் ஊருக்குள் வந்து குந்தியது. 2009 ஜனவரி வரை எழும்பவில்லை. இரண்டு பக்கமும் மிதிவெடி புதைத்தார்கள். 2002இல் ஏ-9 பாதை திறந்ததும், இனிச் சமாதானம்தானே என்று சித்தப்பா விறகு பொறுக்கப் பற்றைக்குள் போனார். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் 'பற்றை' என்ற சொல்லையே யாரும் சாதாரணமாகச் சொன்னதில்லை.

எங்கள் காணியில் எடுத்தவற்றில் 'ஜொனி' என்ற மிதிவெடியும் இருந்தது. சின்ன மரப்பெட்டிதான். பெட்டி உக்கிப்போயிருந்தது, உள்ளே இருந்த வெடிமருந்து உக்கவில்லை. இரும்பு மிகக் குறைவு என்பதால் உலோகம் தேடும் கருவியை மட்டும் நம்பமுடியாதாம். அதனால் குப்பைவாரி மாதிரிப் பல்லு வைத்த கருவியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிப் பார்த்தார்கள். ஒரு பரப்புக் காணிக்கு இவ்வளவு நாளா என்று முதலில் சினந்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

தேநீர் குடித்தபடி அவர்களில் ஒருவர் சொல்லித்தான் உங்கள் கதை தெரிய வந்தது. பிறகு தேடித் தேடி வாசித்தேன். ஹாண்டிகாப் இன்டர்நேஷனல் கால் இழந்தவர்களுக்குக் கால் பொருத்தியது. மாக் என்ற அமைப்பு வெடி அகற்றியது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், மனித உரிமைக்கான மருத்துவர்கள் என்ற இரண்டும் 1991இலேயே கம்போடியாவின் மிதிவெடிகளைப் பற்றிச் சேர்ந்து அறிக்கை எழுதியிருந்தன. ஜெர்மனியின் மெடிக்கோ என்ற உதவி அமைப்பு ஐந்தாவது. ஆறாவது, வியட்நாமில் சண்டையிட்டுத் திரும்பிய அமெரிக்கப் படையினரின் அறக்கட்டளை. புதைத்துப் பழகிய கைகளும் அங்கே இருந்திருக்கும் என்பதை வாசித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். ஆறு பேருக்கும் ஆறு தொழில், ஆறு பெயர், ஆறு பணப்பெட்டி. எங்கள் ஊரில் இரண்டு சனசமூக நிலையங்கள் சேர்ந்து ஒரு விளையாட்டுப் போட்டி நடத்துவதற்கே மூன்று கூட்டமும் ஒரு சண்டையும் வேண்டும். நீங்கள் எப்படி ஒரே சொல்லில் நின்றீர்கள்?

நான் குறிப்பாக நன்றி சொல்ல வந்தது 1997 செப்டம்பருக்காக. ஒஸ்லோவில் மிதிவெடித் தடை ஒப்பந்தம் எழுதும்போது, வடக்கும் தெற்கும் எதிரெதிரே நிற்கும் கொரியாவுக்கு மட்டும் விலக்கு, ஒன்பது ஆண்டு அவகாசம் என்று அமெரிக்கா கேட்டது. அவ்வளவு பெரிய நாடு கையெழுத்திட்டால் நல்லதுதானே என்று நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். விலக்கு வேண்டாம், ஓட்டை வேண்டாம் என்று நீங்கள் ஆட்டவில்லை. அமெரிக்கா வெளியே நின்றது. விலக்கு இல்லாத ஒப்பந்தமாகவே அது நிறைவேறியது. ஒரு முன்னரங்குக்கு விலக்குக் கொடுத்திருந்தால், உலகத்தில் உள்ள ஒவ்வொரு முன்னரங்குக்காரனும் வந்து வரிசையில் நின்றிருப்பான். முகமாலையும் ஒரு முன்னரங்குதான்.

அந்த டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. அதே மாதம் உங்களுக்கும் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் நோபல் பரிசு. ஒஸ்லோ மேடையில் உங்கள் சார்பில் பரிசு வாங்கியவர்களில் ஒருவர் டுன் சன்னரெத். மிதிவெடியில் இரண்டு காலும் இழந்த கம்போடியர். அந்தப் படத்தை நான் சித்தப்பாவுக்குக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் ஒருக்கால் வாங்கிப் பார்த்தார்.

ஒப்பந்தத்தில் காயப்பட்டவருக்கு உதவவேண்டும் என்று ஒரு பிரிவையும் எழுத வைத்தீர்களே, அதற்கு அவர் சார்பில் தனி நன்றி. ஆயுதத்தைப் பற்றிய உடன்படிக்கைகளில் ஆயுதம்பட்டவனையும் நினைத்தது அதுவே முதல் தடவையாம்.

இலங்கை அதில் சேர்ந்தது 2017 டிசம்பர் 13இல். ஒட்டாவாவுக்கு இருபது வருடம் பிந்தி. 2028 ஜூன் 1க்குள் எல்லாம் எடுத்து முடிக்கவேண்டும் என்று இப்போது எங்களுக்கும் ஒரு திகதி இருக்கிறது. பக்கத்துக் காணியில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இன்னும் நிற்பதால், அந்தத் திகதியை நாங்கள் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.

2025இல் ஐரோப்பாவின் சில நாடுகள் ஒப்பந்தத்தை விட்டு விலக முடிவெடுத்ததை வாசித்தேன். எல்லைக்கு அப்பால் ரஷ்யா, பயம் இருக்கும். பயத்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அவர்களோடு பேசப் போகும்போது ஒரு ஜொனிப் பெட்டியின் படத்தையும் கொண்டுபோங்கள். உக்கின மரத்தைக் காட்டுங்கள்.

போன மாரிக்குப் பதினெட்டுத் தென்னம்பிள்ளை வைத்தோம். பளைப் பக்கத்து மண், தென்னைக்குச் சொல்லவே வேண்டாம். காய்க்க இன்னும் ஐந்தாறு வருடம் ஆகும். அதற்குள் உங்களில் யாராவது ஏ-9 பாதையால் வந்தால் இறங்கி ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகு வந்தால் இளநீர். சித்தப்பாவால் மரம் ஏற ஏலாது, கொக்கத்தடி வாங்கி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
முகமாலையில் இருந்து ஒரு காணிக்காரன்