பூட்டினாலும் கதவு ஆடுகிறது: ஏழு வாரமாகத் தீராத புகார்

பெறுநர்:
தலைமை அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கிரிப் அளவு (பூட்டின் தலையிலிருந்து பின்னால் திரும்பிப் பிடிக்கும் தகடு வரை உள்ள தூரம்) மாறி வந்த 72 குவார்ட்டர் டர்ன் (கால் சுற்று) பூட்டுகள், ஒரே சாவி கேட்டும் வெவ்வேறு சாவியோடு வந்த 12 ஸ்விங் ஹேண்டில் கைப்பிடிப் பூட்டுகள்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கும் மின்னஞ்சலில் போயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கெட் எண், அதாவது புகார் எண், வந்தது, அதோடு சரி. அதில் மூன்று டிக்கெட்டுகளை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டீர்கள். எதுவும் தீரவில்லை. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டு ஒரு மனிதராகப் பதில் போடுங்கள்.

நான் மின் பேனல் பெட்டிகள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். பதினாறு வருடமாக உங்கள் பூட்டுகளைத்தான் போடுகிறேன். விலை குறைவான பூட்டுகளைக் கொண்டுவந்து காட்டியவர்களை எல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இந்த ஆர்டர் உங்கள் கணினியிலேயே இருக்கும். சுவரில் மாட்டும் பெட்டிகள் 36, கதவுக்கு இரண்டு குவார்ட்டர் டர்ன் என்று 72 பூட்டு. தரையில் நிற்கும் உயரமான கேபினெட்டுகள் 12, அவற்றுக்கு மேலும் கீழும் ராடு ஓடி மூன்று இடத்தில் பிடிக்கும் ஸ்விங் ஹேண்டில் 12. எல்லாமே திறந்த வெளியில் நிற்கப் போகிறவை, ஐபி65 (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத தரம்) கேட்ட வேலை. உங்கள் ஆர்டர் படிவத்தில் இருந்த கட்டங்களைத்தான் நிரப்பினேன். குவார்ட்டர் டர்னுக்கு 3 மி.மீ. டபுள் பிட் (இரண்டு சிறகுள்ள சாவி போடும் வகை), கிரிப் 20 மி.மீ., நேரான கேம் (பூட்டின் பின்னால் திரும்பிப் பிடிக்கும் தகடு). ஸ்விங் ஹேண்டிலுக்குச் சிலிண்டர், பன்னிரண்டுக்கும் ஒரே சாவி. எதையும் வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை. எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளில் "கிரிப் 20" என்றுதான் இருந்தது. நானும் நம்பி 72 பூட்டையும் மாட்டச் சொல்லிவிட்டேன். முதல் பெட்டியை மூடிச் சாவியைத் திருப்பினேன். சாவி கால் சுற்றுச் சுற்றியது, பூட்டியது. ஆனால் கதவின் ஓரத்தை விரலால் தட்டினால் டக் டக் என்று ஆடுகிறது. வெர்னியர் எடுத்து அளந்தேன். 24 மி.மீ. அடுத்ததும் 24. பத்துப் பூட்டைக் கழற்றி அளந்தேன், பத்தும் 24. இதற்கிடையில் ஐந்து பூட்டில் டபுள் பிட்டுக்குப் பதிலாக முக்கோணச் சாவித் துளை வேறு. அதைப் பற்றி இப்போது பேசவே எனக்குத் தெம்பில்லை, அதையும் மாற்றிக் கொடுங்கள்.

4 மி.மீ. என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேம் போய்ச் சட்டத்தின் உள்விளிம்பைப் பிடித்து இழுத்தால்தான் கதவு கேஸ்கெட்டின் (ஓரம் முழுக்க ஓடும் மெத்தென்ற அடைப்புப் பட்டை) மேல் அமுங்கும். 4 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும் கேம் எதையும் இழுக்காது, சும்மா திரும்பி நிற்கும். எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தைக் கேஸ்கெட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்போம். காகிதம் இறுக்கமாக நின்றால் சரி, கிழிந்தால் இன்னும் நல்லது. உங்கள் பூட்டுப் போட்ட கதவில் மூன்று பக்கமும் காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. கீல் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் பிடித்தது, அது கீலின் புண்ணியம்.

இது தெரிந்த அன்றே உங்கள் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். அன்றைக்கே சரி செய்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. முதலில் பேசிய அம்மா மரியாதையாகத்தான் பேசினார், படம் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வேறொருவர் கூப்பிட்டு, கேமுக்கு அடியில் வாஷர் போட்டுப் பாருங்கள் என்றார். பூட்டு விற்கிற கம்பெனியின் ஆள் சொல்கிற பேச்சா இது? உடலுக்கும் கேமுக்கும் நடுவில் வாஷர் போட்டால் கேம் இன்னும் உள்ளே போகும், இடைவெளி கூடும். வெளியே பூட்டின் தலைக்கு அடியில் போட்டால் கேம் முன்னால் வரும், ஆனால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கதவில் உட்காராது, பூட்டுத் துளை வழியாகவே தண்ணீர் இறங்கும். இதை அவரிடம் சொன்னேன். "கேஸ்கெட்டைத் தடிமனாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். 36 கதவிலும் ஊற்றிய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டுமாம், நீங்கள் தவறாக அனுப்பிய பூட்டுக்காக.

மூன்றாவதாகப் பேசிய இளைஞரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் பேச ஆரம்பித்ததும் குறுக்கே விழுந்து கேட்டார்: "சார், பூட்டு பூட்டுகிறதா இல்லையா? பூட்டினால் எங்கள் வேலை முடிந்தது. கதவு ஆடுவது உங்கள் ஃபேப்ரிகேஷன் கோளாறு." நான் கிரிப் அளவைச் சொன்னேன். "எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள், உங்களுக்கு மட்டும் ஏன் பிரச்சினை?" என்றார். அப்புறம் போனை வைத்துவிட்டார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார். அந்த அழைப்பு பதிவாகும் என்று உங்கள் பதிவுக் குரலே சொல்கிறது. எடுத்துக் கேளுங்கள். பதினாறு வருட வாடிக்கையாளரிடம் இப்படித்தான் பேசுவதா என்று நீங்களே சொல்லுங்கள்.

அவருக்கு ஒன்று தெரியவேண்டும். 3 மி.மீ. டபுள் பிட் சாவி எந்த எலெக்ட்ரீஷியனின் பையிலும் கிடக்கும். அந்தப் பூட்டைத் திருடனை நிறுத்துவதற்காக யாரும் போடுவதில்லை. அதன் வேலையே கதவை நான்கு பக்கமும் அழுத்திப் பிடித்துத் தூசியும் தண்ணீரும் வராமல் பார்த்துக்கொள்வதுதான். அழுத்திப் பிடிக்காத பேனல் பூட்டு பூட்டே இல்லை. "பூட்டினால் வேலை முடிந்தது" என்று உங்கள் கம்பெனிக்குள் உட்கார்ந்து ஒருவர் சொல்கிறார் என்றால், பூட்டு எதற்கு என்றே அவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் போனில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

டெலிவரி தேதி நெருங்கியதால் இரண்டு பெட்டிகளை மட்டும் வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தோம். 6.3 மி.மீ. நாசில், நிமிடத்துக்கு 12.5 லிட்டர் தண்ணீர், மூன்று மீட்டர் தள்ளி நின்று அடிக்கும் அதே சோதனை, உங்கள் கேட்டலாக்கில் ஐபி65 என்று போட்டிருக்கிறீர்களே, அதே சோதனைதான். நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தார். கீழ் ஓரத்தில் குட்டையாகத் தண்ணீர். மின்கம்பிகள் இணையும் டெர்மினல் வரிசையின் மேல் சொட்டுச் சொட்டாக நிற்கிறது. அவர் ஒன்றும் திட்டவில்லை, கையில் இருந்த தாளில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார். பதினாறு வருடத்தில் என் பெட்டி ஒன்று கூடத் தண்ணீர்ச் சோதனையில் திரும்பி வந்ததில்லை. இந்தக் குளறுபடியில் என் பெயரே போய்விட்டது. அந்த வாடிக்கையாளர் இனி என் வாசலை மிதிப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. என் தொழிலையே நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

இப்போது அந்தப் பயணத்தைச் சொல்ல வேண்டும். நான்காவது அழைப்பில், பூட்டு மாட்டிய கதவையே நேரில் கொண்டுவாருங்கள், பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவோம் என்றீர்கள். தேதியும் நேரமும் நீங்கள் கொடுத்ததுதான். ஒரு கதவைக் கழற்றிப் போர்வையில் சுற்றிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒரு வழிக்கு நாலரை மணி நேரம். கதவு மடியில், கால் மரத்துப் போய்விட்டது. உங்கள் சேவை மையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "பூட்டுப் பிரிவு ஆள் இன்று லீவு, கதவை வைத்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். ரசீது கேட்டேன். மாதிரிப் பொருளுக்கு ரசீது கிடையாதாம். வேறு வழியில்லாமல் வைத்துவிட்டு வந்தேன். ஒன்பது நாள் கழித்து மின்னஞ்சல் வருகிறது: "மாதிரி பெறப்படாததால் டிக்கெட் மூடப்படுகிறது." அதைப் படித்துவிட்டு ஒரு அரை மணி நேரம் நான் யாரோடும் பேசவில்லை.

ஸ்விங் ஹேண்டில் விஷயம் இதற்கெல்லாம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், கோபத்தில் விட்டுப்போயிற்று. ஹேண்டில் நன்றாகவே இருக்கிறது. ராடு சுகமாக ஓடுகிறது, உருளை சட்டத்தில் ஏறி உட்காருகிறது, 1800 மி.மீ. கதவு மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் விரியாமல் நிற்கிறது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே சாவி என்று கேட்ட இடத்தில் பன்னிரண்டு சிலிண்டருக்கும் பன்னிரண்டு எண், பன்னிரண்டு சாவி. இதைக் கேட்டபோது உங்கள் ஆள் "அது கூடுதல் பாதுகாப்புத்தானே சார்" என்றார்.

ஐயா, அந்த கேபினெட்டுக்குள் ஆளைக் கொல்கிற மின்சாரம் இருக்கிறது. ராத்திரியில், மழையில், உடனே சப்ளையைத் துண்டிக்க வேண்டும் என்று ஒருவர் ஓடி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு கொத்து. சிலிண்டர் முகத்தில் நீங்கள் பொறித்திருக்கும் எண் கடுகளவு. டார்ச் அடித்துப் படித்து, அதே எண் சாவியைத் தேடி, நனைந்த கையால் போட்டுப் பார்த்து... அதற்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கும். இரண்டு முறை இப்படி அவதிப்பட்டால் மூன்றாவது முறை என்ன செய்வார்கள்? சாவியைப் பூட்டிலேயே விட்டுவிடுவார்கள். அல்லது பூட்டாமலே சாத்தி வைப்பார்கள். வழியில் போகிற ஒரு குழந்தை திறந்தால் யார் பொறுப்பு? இதற்காகத்தான் ஒரே சாவி கேட்டேன்.

குவார்ட்டர் டர்னுக்கு வருகிறேன். இதில் எனக்கு அதிகம் வலிப்பது, இது எவ்வளவு சின்ன வேலை என்பதுதான். 72 பூட்டையும் மாற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லை. பூட்டு உடல் கதவிலேயே இருக்கட்டும். 4 மி.மீ. முன்பக்கம் வளைந்த கேம் உங்களிடம் இருக்கிறது, உங்கள் கேட்டலாக்கிலேயே தனி எண் போட்டு அச்சடித்திருக்கிறீர்கள். பின்னால் ஒரு போல்ட்டைக் கழற்றி, நேரான கேமை எடுத்துவிட்டு, வளைந்ததைச் சதுர முனையில் செருகி மறுபடி முறுக்கினால் முடிந்தது. ஒரு பூட்டுக்கு இரண்டு நிமிடம். என் பையன்கள் ஒரு மதியத்தில் 72-ஐயும் முடித்துவிடுவார்கள். முதல் வாரமே இதைத்தான் கேட்டேன். "கேம் தனியாகக் கொடுப்பதில்லை" என்றீர்கள். கேட்டலாக்கின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன், பதில் இல்லை. ஒரு பொட்டலத்தில் அடங்குகிற 72 தகடு. அதற்கு ஏழு வாரம்.

என்னுடைய கோரிக்கை இதுதான். 4 மி.மீ. வளைந்த கேம் 72-ஐ உடனே அனுப்புங்கள். முக்கோணத் துளை உள்ள ஐந்துக்கு டபுள் பிட் உள்செருகலும் வேண்டும். 12 ஹேண்டிலுக்கும் ஒரே எண் சிலிண்டர்களைச் சாவியோடு அனுப்பி, இப்போதுள்ளவற்றை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். மறுசோதனைக்கு நான் கட்டப்போகும் கட்டணத்தையும் அந்த வீண் பயணத்தின் செலவையும் தரவேண்டும். என்னிடம் போனை வைத்த அந்த இளைஞரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கும். ஆனால் அவர் ஒரு நாள் என் பட்டறைக்கு வந்து, அந்தக் காகிதத் துண்டை அவர் கையாலேயே இழுத்துப் பார்க்க வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை வரை காத்திருப்பேன். அதற்குள் எழுத்தில் பதில் வரவில்லை என்றால், ஆர்டர் படிவம், அட்டைப்பெட்டியின் தாள், வெர்னியர் படங்கள், நீங்கள் மூடிய டிக்கெட்டுகள் எல்லாவற்றோடும் வக்கீல் நோட்டீஸ் வரும். அடுத்து நீதிமன்றத்தில் பார்ப்போம். என்னைப் போலவே பேனல் செய்யும் எல்லோருக்கும் இதே படங்களை அனுப்புவேன். அந்த இடத்துக்கு என்னைத் தள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பூட்டு நல்ல பூட்டு என்று இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்

பின்குறிப்பு: உங்கள் சேவை மையத்தில் விட்டுவந்த கதவு சாம்பல் நிறம், 600க்கு 800 மி.மீ., கீழ் மூலையில் உள்பக்கம் நீலப் பென்சிலில் 17 என்று எழுதியிருக்கும். போர்வையும் அதோடுதான் இருக்கிறது. 17ஆம் எண் பெட்டி கதவில்லாமல் நிற்கிறது, தயவுசெய்து தேடி அனுப்புங்கள்.