‘எல்லோரும்’ என்றால் யார்? குயின்ஸ்லாந்தில் வரலாற்றுப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன மாதம் என் மகள் பள்ளியிலிருந்து ஒரு பயிற்சித் தாள் கொண்டுவந்தாள். ஆறாம் வகுப்பு. ஆஸ்திரேலியாவில் நம் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் 1915 தேர்தலைப் பற்றி ஒரு பத்தி, கீழே நிரப்புவதற்கு ஓர் அட்டவணை. பத்தியின் நடுவில் ஒரு வரி: அந்தத் தேர்தலிலிருந்து குயின்ஸ்லாந்தில் எல்லோரும் வாக்களித்தே ஆகவேண்டும் என்றாயிற்று. அதைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: “அம்மா, நாம அப்போ இங்க இருந்து ஓட்டுப் போடாம விட்டிருந்தா, நமக்கும் ஃபைன் போட்டிருப்பாங்களா?”

போட்டிருக்க மாட்டார்கள். ஏன் என்று அவளுக்குச் சொல்லி முடிக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. அதன் விளைவுதான் இந்த மடல். ஆங்கிலத்தில் உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். தமிழில் எழுதுவது, இதே தாளை வீட்டில் பார்க்கப்போகும் மற்றப் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான்.

அந்தத் தேர்தலைப் பாடத்தில் வைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அருமையான கதை அது, நீங்கள் அதை இன்னும் கொஞ்சம் சுவையாகச் சொல்லியிருக்கலாம். 1912 ஜனவரியில், சங்கச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலைக்கு வந்த டிராம் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து பிரிஸ்பேன் நகரமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. பிப்ரவரி 2 அன்று போலீஸ் தடியடி. எழுபதைத் தாண்டிய எம்மா மில்லர் தன் தொப்பி ஊசியால் போலீஸ் கமிஷனரின் குதிரையைக் குத்தினார், கமிஷனர் கீழே விழுந்தார் என்று இன்றும் சொல்வார்கள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடியவர் அவர். அந்த ஏப்ரலில் நடந்த தேர்தலில், சட்டம் ஒழுங்கைச் சொல்லியே லிபரல் கட்சியின் பிரீமியர் (மாநில முதல்வர்) டென்ஹாம் ஜெயித்தார்.

ஜெயித்தும் அவருக்கு ஒரு கவலை இருந்தது. தொழிற்கட்சிக்குச் சங்கங்கள் இருந்தன, ஆட்களைத் திரட்டி வாக்குச்சாவடிக்குக் கூட்டிவந்துவிடும். லிபரல் கட்சிக்காரர்கள் வசதியானவர்கள், வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அவர்களை வெளியே இழுக்க 1914இல் ஒரு சட்டம் போட்டார்: தக்க காரணமில்லாமல் வாக்களிக்காதவருக்கு 2 பவுண்டு வரை அபராதம். பிரிட்டிஷ் பேரரசிலேயே கட்டாய வாக்களிப்பு முதலில் வந்தது இங்கேதான். முதல் உலகப் போரில் கலிப்போலியில் ஆஸ்திரேலியப் படைகள் இறங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1915 மே 22 அன்று தேர்தல். வாக்குப்பதிவு 75 சதவீத அளவிலிருந்து 88க்கு ஏறியது. 72 இடங்களில் 45ஐ அள்ளிக்கொண்டு போனது தொழிற்கட்சி. டென்ஹாம் தன் ஆக்ஸ்லி தொகுதியிலேயே தோற்றார், டி. ஜே. ரையன் பிரீமியர் ஆனார். ஆப்பசைத்த குரங்கின் கதைதான். (விலைவாசியும் வறட்சியும் சேர்ந்து டென்ஹாமைக் கவிழ்த்தன என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். எல்லாப் பெருமையும் அந்தச் சட்டத்துக்கே போகவேண்டியதில்லை.)

இனி அந்த 88க்கு வருகிறேன். நூற்றுக்கு 88 பேர் என்றால், எந்த நூறு?

1885ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆஸ்திரேலியா, இந்தியா, சீனா, தென்கடல் தீவுகள் ஆகியவற்றின் பூர்வகுடிகள் சொந்த நிலம் இருந்தால் மட்டுமே வாக்காளர் பட்டியலில் சேரலாம். சின்னச் சந்துதான், ஆனால் சந்து இருந்தது. 1905இல் வந்த சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது, சொத்தை வைத்துக் கூடுதலாக வாக்களிப்பதை ஒழித்தது. அதைத்தான் நாம் கொண்டாடுகிறோம். அதே சட்டத்தால் அந்தச் சந்தும் அடைபட்டது. ஆஸ்திரேலியா, ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் பூர்வகுடி எவருக்கும் பட்டியலில் இடமில்லை என்றானது. வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கதவைத் திறந்த கைதான் மற்றவர்களுக்குத் தாழ்ப்பாள் போட்டது.

ஆகவே 1915 மே 22 அன்று, பரம்பா குடியிருப்பில், பூர்வகுடிகளைக் கட்டுப்பாட்டில் வைத்த 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிடியில் இருந்த பூர்வகுடி மக்களை யாரும் வாக்களிக்கக் கட்டாயப்படுத்தவில்லை. கரும்பு வெட்டக் கொண்டுவரப்பட்டு, பிறகு நாடுகடத்தலுக்கும் தப்பி மக்காயில் தங்கிவிட்ட பசிபிக் தீவு மக்களையும் இல்லை. 1882இல் இலங்கையிலிருந்து கப்பலேறி மக்காய்க்கும் பண்டபெர்க்குக்கும் வேலைக்கு வந்தார்களே, அவர்கள் வழி வந்தவர்களில் எத்தனை பேர் அன்று வாக்குச்சாவடியைத் தாண்டி நடந்துபோயிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. என் மகளின் கேள்விக்கு விடை இதுதான்: பட்டியலில் பெயரே இல்லாதவருக்கு எதற்கு அபராதம்?

பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இம்மாநிலத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1930இல்தான் கிடைத்தது. பூர்வகுடி மக்களுக்கு 1965இல். மாநிலங்களில் கடைசி நாமே. அப்போதும் அவர்கள் விரும்பினால் பெயர் சேர்க்கலாம் என்றுதான் இருந்தது. மற்றவர்களைப் போல அவர்களுக்கும் கட்டாயமானது 1971இல். ‘எல்லோரும்’ என்ற சொல் உண்மையில் எல்லோரையும் தொட 56 ஆண்டுகள் ஆயின.

இதையெல்லாம் நீங்கள் மறைத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. 1965 வேறொரு பாடத்தில் வருகிறது, பார்த்தேன். சிக்கலே அதுதான். 1915ஐ முதல் பருவத்தில் பெருமையாகப் படித்து, 1965ஐ மூன்றாம் பருவத்தில் வருத்தமாகப் படிக்கும் பிள்ளைக்கு, இரண்டும் ஒரே பட்டியலைப் பற்றிய செய்தி என்று எப்படித் தெரியும்? அட்டவணையில் ‘யாருக்கு’ என்று ஒரு நெடுவரிசையை நீங்களே வைத்திருக்கிறீர்கள். 1915க்கு மேலே 1905ஐயும், கீழே 1930, 1965, 1971ஐயும் சேர்த்தால் மொத்தம் நான்கு வரி கூடும். தாளின் அடியில் அதைவிட அதிகமாகவே இடம் இருக்கிறது.

என் மகள் அந்த ‘யாருக்கு’ நெடுவரிசையில் ‘பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு’ என்று எழுதிக்கொண்டுபோனாள். அரை மதிப்பெண் குறைந்தது. ஆசிரியர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையிலிருந்த விடைக்குறிப்பில் ‘எல்லோருக்கும்’ என்றுதான் அச்சிட்டிருந்தது. அடுத்த பதிப்பில் அதை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
பிரிஸ்பேன்