பாட்டிலிருந்து தொடங்குங்கள்: மார்கழிச் சொற்பொழிவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் நம் பகுதியின் மார்கழித் தொடர்சொற்பொழிவை ஆண்டுதோறும் நடத்திவரும் பெரியவர்களுக்கும், அவர்களுக்குத் துணைநிற்கும் இளைஞர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மார்கழிக்கு யாரைப் பேச அழைப்பது என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை எனக் கேள்விப்பட்டேன். அதற்குள் ஒரு வேண்டுகோளை வைத்துவிட நினைக்கிறேன். உங்களிடம் நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஊரில் தமிழர் கூடும் வேறு இடங்களிலும் இதே விவாதம் நடக்கிறது என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன மார்கழியில் வந்தவர் ஆழ்ந்த படிப்பாளி. ஆனால் எந்தப் பாசுரத்தை எடுத்தாலும் முதல் அடியைச் சொல்லி முடிப்பதற்குள் உபநிடதத்துக்குப் போய்விட்டார். மீதி நேரமெல்லாம் அந்த மந்திரத்துக்கு விளக்கம். அதற்கு முந்தைய ஆண்டு வந்தவர் நேர் எதிர். தேவாரத்தில் வேதம், மறை என்று வருவது எதுவும் வடமொழி வேதத்தைக் குறிக்காது, தமிழரிடம் இருந்து தொலைந்துபோன வேறு நூல்களைத்தான் குறிக்கும் என்று கடைசி நாள்வரை வாதாடினார். இரண்டு பேருக்கும் கைதட்டல் கிடைத்தது, தட்டிய கைகள்தான் வேறு வேறு. இரண்டு ஆண்டிலும் ஒரு பதிகம்கூட நம் அரங்கில் முழுதாகப் பாடப்படவில்லை. என் வருத்தம் அதுதான்.

நம்மாழ்வாரின் திருவாய்மொழியிலிருந்து ஒரு பாசுரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

உண்ணும் சோறு பருகும் நீர் தின்னும் வெற்றிலையும் எல்லாம்
கண்ணன் எம்பெருமான் என்று என்றே கண்கள் நீர்மல்கி
மண்ணினுள் அவன்சீர் வளம்மிக்கவன் ஊர் வினவி
திண்ணம் என் இளமான் புகுமூர் திருக்கோளூரே.

போன ஆண்டு இந்தப் பாட்டுக்குக் கிடைத்த விளக்கம், "இது தைத்திரீய உபநிடதம் சொல்லும் அன்னம் பிரம்மம்தான்" என்பது. அவ்வளவுதான், அப்புறம் அந்த உபநிடதத்தில் பிரம்மத்தைத் தேடும் பிருகுவின் கதை வந்துவிட்டது. பிருகுவின் கதை எனக்கும் பிடிக்கும். அன்னமே பிரம்மம் என்று முதலில் அறிகிறார். பிறகு பிராணன், மனம், விஞ்ஞானம், ஆனந்தம் என்று ஒவ்வொன்றாக மேலே போகிறார். கடைசியில், அறிந்தவன் "அஹமன்னம்" என்று களித்துப் பாடும் சாமகானத்தில் அந்த வல்லி, அதாவது அந்தப் பகுதி, முடிகிறது. நானே உணவு, நானே உண்பவன் என்கிற பேரானந்தம் அது.

ஆனால் ஆழ்வார் பாட்டில் பேசுவது யார்? ஒரு தாய். மகள் வீட்டில் இல்லை. விடிந்து பார்த்தால் படுக்கை காலி. எங்கே போயிருப்பாள் என்று அம்மாவுக்குத் தெரியும். சோற்றைப் பார்த்தாலும் தண்ணீரைப் பார்த்தாலும் வெற்றிலையைப் பார்த்தாலும் கண்ணன், கண்ணன் என்று கண்கலங்கிக்கொண்டிருந்த பெண், அவன் ஊருக்கு வழி கேட்டுக்கொண்டு திருக்கோளூருக்குத்தான் போயிருப்பாள். 'திண்ணம்' என்கிறாள் அம்மா. அந்த உறுதிக்குள் பெருமையும் இருக்கிறது, வயிற்றெரிச்சலும் இருக்கிறது. இது சங்கப் பாட்டின் உடன்போக்குத் துறை, பெண் தன் காதலனோடு வீட்டைவிட்டுப் போவதைப் பாடுவது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் 'மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து' என்றே ஒரு பத்து பாடியிருக்கிறார். மகளைப் போகவிட்ட தாயின் அந்தக் குரலை எடுத்துத்தான் நம்மாழ்வார் இறைவனைப் பாடுகிறார்.

உபநிடதத்தில் அன்னத்தை அறிந்தவன் 'நான், நான்' என்று பாடுகிறான். இங்கே எல்லாவற்றையும் கண்ணனாகக் கண்டவளுக்குப் பாட்டில் குரலே இல்லை. அவள் கிளம்பிப் போய்விட்டாள், பின்னால் நின்று வேறொருத்தி பேசுகிறாள். பிருகுவுக்குச் சோறு முதற்படி. இந்தப் பெண்ணுக்குச் சோறு எதற்கும் படியில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தகுந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் அம்மா காணாமல் போகிறாள், வெற்றிலையும் காணாமல் போகிறது.

பழைய உரைகாரர்கள் அந்த வெற்றிலையை விடவில்லை என்பதைக் குழுவினர் கவனிக்க வேண்டும். நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த திருவாய்மொழி உரையான ஈடு முப்பத்தாறாயிரப்படி, சோறு தாரகம், நீர் போஷகம், வெற்றிலை போக்கியம் என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிறது. உயிரைத் தாங்குவது ஒன்று, வளர்ப்பது ஒன்று, வெறும் இன்பத்துக்காகவே உள்ளது ஒன்று. சுருதி வாக்கியங்கள் நாவில் புரண்ட ஆசாரியர்கள்தான் அவர்களும். ஆனாலும் வெற்றிலைக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். திருக்கோளூரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை எதிரே வந்த ராமானுசர் பார்த்து, "எல்லோருக்கும் புகுமூர், உனக்குப் புறப்படும் ஊர் ஆயிற்றோ" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அவள் அடுக்கிய 81 பதில்களைப் பெண்பிள்ளை ரகசியம் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கேள்விக்குள் இருப்பது இந்தப் பாசுரத்தின் கடைசி அடி. பாட்டு அந்த அளவுக்கு மனிதர்களின் பேச்சில் கலந்திருந்தது.

சரி, அப்படியானால் வேதத்தை எடுக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல வரவில்லை. அதே திருவாய்மொழியின் முதல் பதிகத்தில் "உடன்மிசை உயிரெனக் கரந்தெங்கும் பரந்துளன்" என்று பாடிவிட்டு, அடுத்த மூச்சிலேயே "சுடர்மிகு சுருதியுள்" என்கிறார் ஆழ்வார். வேதத்துக்குள் இருப்பவன் என்று அவரே கைகாட்டுகிறார். உடலுக்குள் உயிர் மறைந்திருப்பதுபோல எல்லாவற்றுக்குள்ளும் அவன் என்று அவர் சொல்லும்போது, பிருகதாரண்யகத்தின் அந்தர்யாமி பிராமணத்தை எடுத்து வாசிக்காவிட்டால்தான் பேச்சாளர் குறை வைத்தவர் ஆவார். ஆழ்வார் கூப்பிட்ட இடத்தில் வேதம் வரட்டும். தாயைப் பேசவைத்த இடத்தில் தாய் பேசட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

முந்தைய ஆண்டுப் பேச்சாளரின் வாதத்துக்கும் இதே பதில்தான், பாட்டைப் பார்ப்பது. மதுரையில் சமணரோடு வாதுக்குக் கிளம்பும்போது சம்பந்தர் பாடியது "வேத வேள்வியை நிந்தனை செய்துழல்" என்று தொடங்குகிறது. அந்த வேள்வியை வேறு எதுவாகவும் மாற்ற முடியாது. தில்லையைப் பாடும்போதும் "கற்றாங்கு எரியோம்பி" என்று தீ வளர்ப்பவர்களைத்தான் முதலில் சொல்கிறார். சம்பந்தருக்கும் முன்னால், பரிபாடலில் கடுவன் இளவெயினனார் திருமாலை "வேதத்து மறை நீ" என்று பாடிவிட்டார். தமிழ்ப் பாட்டுக்குள் வேதம் பிறகு யாரோ கொண்டுவந்து திணித்த சரக்கு என்று சொல்ல இந்த வரிகள் இடம் கொடுப்பதில்லை. அதே சம்பந்தர் தன் முதல் பதிகத்தின் கடைசியில் தான் பாடியதைத் 'திருநெறிய தமிழ்' என்கிறார், கோளறு பதிகத்தில் தன்னை 'மறைஞான ஞானமுனிவன்' என்கிறார். அவர் ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைத்ததில்லை. நாம் ஏன் மறைக்க வேண்டும்?

அப்பரிடம் வந்தால் இரண்டு கட்சிக்கும் தொல்லைதான். ஐந்தாம் திருமுறையின் 99ஆம் பதிகத்தில் "வேதம் ஓதிலென், வேள்விகள் செய்கிலென்" என்று கேட்டு, ஈசனை உள்குவார்க்கு அன்றி இல்லை என்று முடிக்கிறார். பக்கத்தைத் திருப்பினால் 100ஆம் பதிகம் "வேத நாயகன் வேதியர் நாயகன்" என்று தொடங்குகிறது. ஒரு பேச்சாளர் முதலாவதை மட்டும் படிக்கிறார், இன்னொருவர் இரண்டாவதை மட்டும் படிக்கிறார். இரண்டையும் ஒரே மாலையில் படித்தால் அப்பர் யார் என்று கொஞ்சம் தெரியும். வேதத்துக்கு இறைவன் நாயகன் என்பதை அவர் உண்மையாகவே நம்புகிறார். அதனால்தான், அந்த நாயகனை நினைக்காமல் ஓதும் வாயை அவரால் பொறுக்க முடியவில்லை. "சாத்திரம் பல பேசும் சழக்கர்காள்" என்ற கோபத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

திருமறைக்காட்டுக் கதையை இரண்டு பேருமே சொன்னார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். வேதங்கள் வந்து பூசை செய்து அடைத்துவிட்டுப் போன கதவு. மக்கள் வேறு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சம்பந்தர் கேட்டுக்கொள்ள, திறக்கும்படி அப்பர் பாடினார். பதினோராவது பாட்டில்தான் கதவு திறந்தது. மறுபடி அடைக்கச் சம்பந்தர் பாட, ஒரே பாட்டில் அடைத்துக்கொண்டது. ஒருவர் இதில் வேதமே வந்து வழிபட்ட தலத்தின் பெருமையைக் கண்டார். மற்றவர் வேதம் பூட்டியதைத் தமிழ் திறந்ததைக் கண்டார். சேக்கிழார் இரண்டையும்தான் வைத்திருக்கிறார். ஆனால் அப்பரின் பதிகத்தை எடுத்துப் பார்த்தால், அவர் வேதத்தோடும் போட்டி போடவில்லை, தமிழுக்கும் கொடி பிடிக்கவில்லை. கடைசிப் பாட்டில் "இரக்கம் ஒன்றிலீர் எம்பெருமானிரே" என்று இறைவனோடு சண்டை பிடிக்கிறார்! பிறகு திருவாய்மூரில், "திறக்கப் பாடிய என்னினும் செந்தமிழ் உறைப்புப் பாடி அடைப்பித்தார் உந்நின்றார்" என்று, தன்னைவிடப் பிள்ளை சம்பந்தரின் தமிழ் உறைப்பானது என அவரே சொல்கிறார். வயதில் மூத்தவர் ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்வது இது. இந்த அன்பு, இந்த உரிமைச் சண்டை இரண்டும் நம் அரங்கில் ஒரு நிமிடம்கூடப் பேசப்படவில்லை.

நீங்கள் மரபை மதிப்பவர்கள் என்பதால் இன்னொன்று. தமிழை முதலில் வையுங்கள் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. திருவரங்கம் போன்ற கோயில்களில் பெருமாள் புறப்பாட்டில் ஆழ்வார் பாசுரங்களை ஓதும் அருளிச்செயல் கோஷ்டி முன்னே போகும், வேதபாராயண கோஷ்டி பின்னே வரும். வடமொழியில் கரைகண்ட வேதாந்த தேசிகர், தமிழ் மாலைகளை ஓதித்தான் "தெளியாத மறைநிலங்கள் தெளிகின்றோமே" என்றார். பிரம்ம சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் என்ற உரை எழுதிய ராமானுசரே அந்தச் சூத்திரங்களின் பொருளைத் திருவாய்மொழியைக் கொண்டு ஒருங்கவிட்டார், அதாவது இசைவித்தார், என்கிறது ஆசார்ய ஹிருதயம் என்ற வைணவ நூல். தெளிவு தமிழிலிருந்து மறைக்குப் போகிறது என்று அவர்கள் சொல்ல, நம் மேடையில் மட்டும் எப்போதும் எதிர்த்திசையிலேயே போய்க்கொண்டிருக்கிறோம்.

பெங்களூரில் இதைச் செய்வதற்கு நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ராமானுசர் பல ஆண்டுகள் தங்கிய மேல்கோட்டை இங்கிருந்து ஒரு பகல் பயணத் தொலைவுதான். அந்த மரபில் வந்த குடும்பங்களில் ஆழ்வார் பாசுரத் தொகுப்பான பிரபந்தத்தைக் கன்னட எழுத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் எழுத்துத் தெரியாமலே, பிழையில்லாமல் சேவிக்கிறவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். நம் நாயன்மார் கதைகளை ஹரிஹரர் கன்னடத்தில் ரகளெ என்ற பாவகையில் பாடினார். அங்கே சுந்தரர் நம்பியண்ணன். பசவண்ணர் வசனங்களுக்கும் வேதத்துக்கும் என்ன உறவு என்று கன்னடர்களும் நம்மைப்போலவே வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஒரு நாள் கூப்பிட்டு, வசனத்தையும் திருவாசகத்தையும் சேர்த்து வைத்துப் பேசச் சொன்னால், சென்னையில்கூட எளிதில் கிடைக்காத ஒரு மாலை நமக்குக் கிடைக்கும்.

இனி என் வேண்டுகோள். வருகிற பேச்சாளர் எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பதிகம், முழுதாக, என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சுக்கு முன் ஓர் ஓதுவார் அந்தப் பதிகத்தை அதன் பண்ணில் பாடட்டும். பிரபந்தம் என்றால் சேவாகாலம், அதாவது கோஷ்டியாகப் பாசுரம் ஓதும் முறை, தெரிந்த இரண்டு பேர் போதும். திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கென்று, அதாவது தேவாரம் பாடுவதற்கென்று, ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் 48 பிடாரர்களை வைத்தான், உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்துக்கும் தனியாக ஆள் வைத்தான். நாம் ஒருவரைக்கூட அழைக்காமல் மைக் செட்டுக்கும் பிளக்ஸுக்கும் செலவு செய்கிறோம். பேச்சாளர் ஒரு வேத வாக்கியத்தைக் காட்டினால், எந்த உபநிடதம், எந்தப் பகுதி என்று சொல்லட்டும். அதைப் பாட்டே கேட்கிறதா, பழைய உரைகாரர் சொன்னதா, தன் சொந்தக் கருத்தா என்பதையும் சொல்லட்டும். இதை எந்த நல்ல பேச்சாளரும் அவமரியாதையாக நினைக்கமாட்டார்.

பாட்டின் பிரதியைத் தமிழிலும் கன்னட எழுத்திலும் அச்சடித்து நாற்காலிகளில் வையுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியாது. கையில் பாட்டு இல்லாததால்தான் அவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. வெற்றிலைப் பாசுரத்தை வீட்டில் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுத்தபோது, "அந்தப் பொண்ணு போய்ச் சேர்ந்தாளாம்மா?" என்று கேட்டாள். அடுத்த பாசுரத்தைப் படிக்கலாம் வா என்றேன், உட்கார்ந்து படித்தாள்.

கன்னட எழுத்துப் பிரதியை நானும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து தயார் செய்து தருகிறோம். அச்சுச் செலவையும் எங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறோம். முதல் நாளுக்குத் திருக்கோளூர்ப் பதிகம், இரண்டாம் நாளுக்கு அப்பரின் 99, 100 இரண்டும் என்று நாங்கள் யோசித்திருக்கிறோம். உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். கார்த்திகை பிறப்பதற்குள் பட்டியலைச் சொல்லிவிட்டால் பிழை திருத்த எங்களுக்கு நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் சொற்பொழிவுகளுக்கு ஆண்டுதோறும் வரும் ஒரு தமிழ் வாசகி,
பெங்களூர்